பள்ளிக்கூடப் பிரச்சினைக்கு யாரிடம் மனு கொடுப்பது? மதுரை மாவட்டப் பெற்றோருக்கு

திங்கட்கிழமை மதுரை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்துக்குப் பட்டா, முதியோர் பென்ஷன், ஓடை ஆக்கிரமிப்பு என்று வருகிறவர்களுக்கு நடுவே, "எங்க பள்ளிக்கூடத்துக்குக் கணக்கு வாத்தியார் இல்லை" என்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு சில பெற்றோர் வருவதுண்டு. மனுவை வாங்கிக்கொண்டு எண் போட்டுச் சீட்டும் கொடுத்துவிடுவார்கள். அதற்கு அப்புறம் அந்தக் காகிதம் போகும் வழிதான் வேடிக்கை. கலெக்டர் ஆபீசிலிருந்து முதன்மைக் கல்வி அலுவலருக்கு (சி.இ.ஓ.), அவரிடமிருந்து மாவட்டக் கல்வி அலுவலருக்கு (டி.இ.ஓ.), அங்கிருந்து வட்டாரக் கல்வி அலுவலருக்கு, கடைசியில் "அறிக்கை அனுப்புக" என்று அதே பள்ளித் தலைமையாசிரியர் மேசைக்கு. அவர் "பணியிடம் காலியாக உள்ளது உண்மையே" என்று எழுதி மேலே அனுப்ப, வந்த படிகளிலேயே அது திரும்பி ஏறும். உங்களுக்கு "பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு வரி வரும். பிள்ளை அதற்குள் அடுத்த வகுப்புக்குப் போயிருப்பான்.

கலெக்டரிடம் போகவே கூடாது என்று சொல்லவில்லை. முதலில் போக வேண்டிய இடம் அது இல்லை, அவ்வளவுதான். யார் கையெழுத்துப் போட்டால் உங்கள் வேலை நடக்குமோ அவர் மேசைக்கு நேராகக் காகிதம் போக வேண்டும்.

அதற்கு முதலில் பள்ளியின் பெயர்ப்பலகையை ஒழுங்காகப் படியுங்கள். "அரசுப் பள்ளிதானே" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம், ஆனால் மதுரை மாவட்டத்தில் அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளிகளுக்கே பல எசமான்கள். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளி என்று பலகையில் இருந்தால், பெயர்தான் ஒன்றியம். ஆசிரியர்கள் 1981லேயே அரசு ஊழியர்களாகி, கல்வித் துறைக்குக் கீழே வந்துவிட்டார்கள். ஆனால் கட்டடம், காம்பவுண்டு சுவர், கழிப்பறை எல்லாம் இன்றைக்கும் ஒன்றிய அலுவலகத்தின் பொறுப்பு. ஆகவே ஆசிரியர் வரவில்லை என்றால் வட்டாரக் கல்வி அலுவலர், அதாவது ஊரில் இன்னமும் பழைய பெயரில் ஏ.இ.ஓ. என்று சொல்கிறோமே, அவர். மேற்கூரை ஒழுகுகிறது என்றால் பி.டி.ஓ., அதாவது ஒன்றிய அலுவலகத்தின் வட்டார வளர்ச்சி அலுவலர். வகுப்பறை ஒழுகுகிறது என்று ஏ.இ.ஓ.விடம் எத்தனை தடவை போனாலும் அவரால் பி.டி.ஓ.வுக்கு ஒரு கடிதம் எழுதத்தான் முடியும். அதை நீங்களே எழுதலாம். ஒன்றியப் பள்ளிகளுக்கு வகுப்பறை கட்டப் பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில் வரும் பணமும் ஊரக வளர்ச்சித் துறை வழியாகத்தான் வருகிறது.

உசிலம்பட்டி, செல்லம்பட்டி, சேடபட்டி பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொன்று. உங்கள் பள்ளி அரசு கள்ளர் பள்ளியாக இருந்தால் சி.இ.ஓ. அதன் நிர்வாகத் தலைவர் இல்லை. மதுரை, தேனி, திண்டுக்கல் மூன்று மாவட்டங்களில் உள்ள கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள், குற்றப் பழங்குடிச் சட்டக் காலத்திலிருந்து தனி நிர்வாகமாகவே வந்தவை. இவை பிற்படுத்தப்பட்டோர் நலத் துறையில் சேர்ந்தவை, மதுரையில் இருக்கும் கள்ளர் சீரமைப்பு இணை இயக்குநர்தான் ஆசிரியர் இடமாறுதல், காலிப் பணியிடம் எல்லாம் பார்ப்பார். இது தெரியாமல் ஆட்கள் வேறு ஆபீசில் அரை நாள் உட்கார்ந்துவிட்டு, "இது எங்க லிமிட் இல்லை" என்ற பதிலோடு பஸ் ஏறுகிறார்கள். அதே மாதிரி ஆதிதிராவிடர் நலப் பள்ளி என்றால் மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலர்.

நகருக்குள் மாநகராட்சிப் பள்ளிகள். வெள்ளிவீதியார், காக்கைப்பாடினியார், பொன்முடியார், மாசாத்தியார் என்று சங்கப் புலவர்கள் பெயரைப் பெண்கள் பள்ளிக்கு வைத்த ஊர் நம்முடையது, அந்தப் பெருமை ஒருபக்கம் இருக்கட்டும். இவற்றின் ஆசிரியர், கட்டடம், துப்புரவு எல்லாமே மாநகராட்சி. அங்கே கல்விக்கென்று ஓர் அலுவலர் உண்டு, அவருக்கு மேல் கமிஷனர். மாநகராட்சிப் பள்ளி விஷயத்தில் உங்கள் வார்டு கவுன்சிலர் உண்மையிலேயே உதவக்கூடிய ஆள்.

அரசு உதவிபெறும் பள்ளியில் ஆசிரியரை வைப்பது நிர்வாகம், சம்பளம் கொடுப்பது அரசு. எனவே முதலில் பள்ளிச் செயலருக்கு எழுதி, மாவட்டக் கல்வி அலுவலருக்கு நகல் கொடுங்கள். தனியார் பள்ளிக் கட்டணம், கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இட ஒதுக்கீடு போன்றவற்றுக்கு 2022 சீரமைப்பில் மாவட்டக் கல்வி அலுவலர் (தனியார் பள்ளிகள்) என்று தனியாக ஒருவரையே போட்டுவிட்டார்கள்.

அந்தச் சீரமைப்பில்தான் தொடக்கக் கல்விக்கு ஒரு டி.இ.ஓ., இடைநிலைக் கல்விக்கு ஒரு டி.இ.ஓ. என்று மறுபடி பிரித்தார்கள். எட்டாம் வகுப்பு வரை உள்ள பள்ளி முதலாமவரிடம், உயர்நிலையும் மேல்நிலையும் இரண்டாமவரிடம். மனுவில் வெறுமனே "மாவட்டக் கல்வி அலுவலர்" என்று எழுதினால் தப்பான மேசையில் தூங்கும், அடைப்புக்குள் எது என்று எழுதுங்கள். இன்னொன்று, கல்வித் துறைக்குத் தாலுகா கணக்கு கிடையாது, ஒன்றியக் கணக்குதான். மாவட்டத்தில் 13 ஒன்றியங்கள். பேரையூர் தாலுகா என்று எழுதினால் சேடபட்டியா டி.கல்லுப்பட்டியா என்று தேட வேண்டியிருக்கும்.

சரி, இவர்களுக்கெல்லாம் மேலே உட்கார்ந்திருக்கும் சி.இ.ஓ.வால் என்ன முடியும், என்ன முடியாது? இங்கேதான் நம் ஆட்கள் ரொம்ப எதிர்பார்க்கிறார்கள். புதுப் பணியிடத்தை அவர் உருவாக்க முடியாது, அது சென்னையில் அரசு ஆணையாக வர வேண்டும். நிரந்தர ஆசிரியரை அவர் வேலைக்கு எடுக்க முடியாது, அது ஆசிரியர் தேர்வு வாரியம். பள்ளியைத் தரம் உயர்த்துவதும் அவர் கையில் இல்லை, முன்மொழிவு அனுப்புவது மட்டும்தான். ஆனால் பக்கத்துப் பள்ளியில் உபரியாக இருக்கும் ஆசிரியரை மாற்றுப்பணியில் உங்கள் பள்ளிக்கு அனுப்பச் சொல்லலாம். விசாரணைக்கு உத்தரவிடலாம். திடீர் ஆய்வுக்கு வரலாம். பி.டி.ஓ., மின்வாரியம், பொதுப்பணித் துறை என்று வேறு துறைகளோடு பேச வேண்டியதைக் கலெக்டர் கூட்டத்தில் எழுப்பலாம். ஆகவே "கணக்கு ஆசிரியர் நியமிக்க வேண்டும்" என்று கேட்காதீர்கள். "பணியிடம் நிரப்பப்படும் வரை மாற்றுப்பணியில் ஒருவரை அனுப்ப வேண்டும்" என்று கேளுங்கள். முதலாவதைக் கேட்டால் அவர் மேலே தள்ளிவிடுவார், இரண்டாவதைக் கேட்டால் முடியும் அல்லது முடியாது என்று அவரே பதில் சொல்லியாக வேண்டும்.

தரம் உயர்த்துவது பற்றிச் சொன்னதும் ஞாபகம் வருகிறது, யா.கொடிகுளம். 2024 ஜனவரியில் அந்த ஊர் நடுநிலைப் பள்ளியை உயர்நிலைப் பள்ளியாக்குவதற்காக ஆயி என்ற பூரணம் அம்மாள் தன்னுடைய ஒன்றரை ஏக்கர் நிலத்தை அப்படியே எழுதிக்கொடுத்தார். பத்திரம் போய்ச் சேர்ந்தது கல்வித் துறையிடம். தரம் உயர்த்தும் முன்மொழிவு நகராமல் கிடப்பதற்கு நிலம் இல்லாதது ஒரு பெரிய காரணம். எல்லாராலும் அப்படிக் கொடுக்க முடியாதுதான். ஆனால் பக்கத்தில் புறம்போக்கு இருக்கிறதா என்று வி.ஏ.ஓ.விடம் சர்வே எண்ணோடு விசாரித்து, மனுவில் சேர்த்துக் கொடுப்பதற்குக் காசு ஆகாது.

அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். அங்கே பள்ளி மாவட்டத்துக்கென்று பெரும்பாலான இடங்களில் ஊர் ஜனம் ஓட்டுப்போட்டு ஒரு வாரியத்தைத் தேர்ந்தெடுக்கிறது, அந்த வாரியம்தான் சூப்பரின்டென்டென்டை ஒப்பந்தம் போட்டு வேலைக்கு வைக்கிறது, சரிப்படவில்லை என்றால் ஆளை மாற்றுகிறது. நம் சி.இ.ஓ. இடமாறுதலில் வந்து இடமாறுதலில் போகிற அரசு அதிகாரி, அவரை நியமிப்பதிலோ அனுப்புவதிலோ நமக்கு எந்தப் பேச்சும் இல்லை. பெற்றோருக்கென்று சட்டம் கொடுத்திருக்கும் ஒரே இடம் பள்ளி மேலாண்மைக் குழு, எஸ்.எம்.சி. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். 2024ல் மறுகட்டமைப்பு செய்தபோது முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேர் ஆக்கினார்கள். பல ஊர்களில் இந்தக் கூட்டம் வடை, டீ, கையெழுத்து என்று முடிந்துவிடுகிறது. அது பெரிய நஷ்டம். தனி ஆள் கொடுக்கும் மனுவுக்கும் எஸ்.எம்.சி. தீர்மானத்தோடு வரும் மனுவுக்கும் ஆபீசில் கிடைக்கும் மரியாதையே வேறு. கூட்டத்தில் தீர்மானத்தை நோட்டில் எழுதச் சொல்லுங்கள், எஸ்.எம்.சி.க்கென்று உள்ள செயலியிலும் ஏற்றச் சொல்லுங்கள், அந்தப் பக்கத்தின் ஜெராக்ஸ் ஒன்று கையில் வைத்துக்கொள்ளுங்கள். தலைமையாசிரியர் தயங்கினால் கோபப்படாதீர்கள். "நான் மேலே எழுதினால் என்னைத்தான் கேட்பாங்க, நீங்க எழுதுங்க" என்பதுதான் அவர் சொல்ல வருவது. பெரும்பாலும் அவரே உங்களுக்குப் பணியிட விவரம் சொல்லி உதவுவார்.

மனு ஒரே பக்கம் இருக்கட்டும். "பொருள்: ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி - பட்டதாரி ஆசிரியர் (கணிதம்) பணியிடம் காலி - மாற்றுப்பணியில் ஆசிரியர் அனுப்பக் கோருதல் - சார்பு" என்று அவர்கள் நடையிலேயே தலைப்பு போடுங்கள். கீழே "பார்வை" என்று தீர்மான நாள். அதற்குக் கீழே பள்ளியின் 11 இலக்க யூடைஸ் எண், 6 முதல் 8 வரை எத்தனை பிள்ளைகள், பணியிடம் எந்தத் தேதியிலிருந்து காலி, அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 35 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர், தொடக்க வகுப்பில் 30க்கு ஒருவர் என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்வதை ஒரு வரியில் குறிப்பிட்டால் போதும். "மாண்புமிகு, மேன்மைதங்கிய, ஏழை எளிய மக்களின் விடிவெள்ளி" எல்லாம் வேண்டாம், அதைப் படிக்கும் எழுத்தருக்கு எந்தக் கோப்பில் சேர்ப்பது என்று தெரிந்தால் போதும். ஆசிரியர்மேல் புகார், கட்டடம், சத்துணவு மூன்றையும் ஒரே மனுவில் கலக்காதீர்கள். சத்துணவு பி.டி.ஓ. பக்கமும், கலெக்டரின் சத்துணவு நேர்முக உதவியாளர் பக்கமும் போக வேண்டியது. மூன்று விஷயம் இருந்தால் மூன்று காகிதம்.

ஆபீசுக்குப் போனால் நேராக அதிகாரி அறைக் கதவைப் பார்த்து உட்கார்ந்துவிடாதீர்கள். முதலில் தபால் பிரிவு. அங்கே கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள். "அப்புறம் வாங்க" என்றால் அங்கேயே நில்லுங்கள், இல்லாவிட்டால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் கழித்துப் போய் எந்தப் பிரிவுக்குப் போயிருக்கிறது, ந.க. எண் (உங்கள் காகிதத்துக்கு ஆபீசில் போடும் கோப்பு எண்) என்ன என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ந.க. எண் கிடைத்துவிட்டால் உங்கள் காகிதம் கோப்பாகிவிட்டது என்று அர்த்தம். அதற்கப்புறம் அந்த எண்ணைச் சொல்லிப் பிரிவுக் கண்காணிப்பாளரிடம் கேட்பதுதான் பலன் தரும், சி.இ.ஓ.வைப் பார்த்தாலும் அவர் அந்தக் கண்காணிப்பாளரைக் கூப்பிட்டுத்தான் கேட்பார்.

பதிலே இல்லையா? தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி, "ந.க. எண் இன்னது மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையின் நகல் தருக" என்று அதே அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். 30 நாள் கெடு. ஏன், எதற்கு என்று கேள்வி கேட்காதீர்கள், ஆவணத்தை மட்டும் கேளுங்கள். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. இந்த நேரத்தில்தான் திங்கட்கிழமை மனுவும் முதல்வரின் உதவி மைய எண்ணான 1100ம் உபயோகப்படும், ஏனென்றால் இப்போது உங்களிடம் தேதி போட்ட சீல், ந.க. எண், தீர்மான நகல் எல்லாம் இருக்கிறது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கே போக நேர்ந்தாலும் வக்கீல் முதலில் கேட்பது அந்தச் சீல் போட்ட நகலைத்தான். "மனுவைப் பரிசீலித்து இத்தனை வாரத்துக்குள் முடிவெடுக்க" என்று அதிகாரிக்கு உத்தரவு கேட்பதற்கு மனு கொடுத்ததாக ஆதாரம் வேண்டுமே.

இத்தனை படியும் ஒரே ஒரு விஷயத்துக்குப் பொருந்தாது. பிள்ளைமேல் யாராவது கை வைத்திருந்தால், பாலியல் தொல்லை என்று சந்தேகம் வந்தாலே, எஸ்.எம்.சி. கூட்டம், தபால் பிரிவு எதுவும் வேண்டாம். குழந்தைகள் உதவி எண் 1098 அல்லது கல்வித் துறையின் 14417க்குப் போன் போடுங்கள், மகளிர் காவல் நிலையத்துக்குப் போங்கள். போக்சோ சட்டப்படி பள்ளியே தெரிந்தும் சொல்லாமல் மறைத்தால் அது குற்றம். "பள்ளிப் பேரு கெட்டுப்போயிடும், பேசி முடிச்சுக்கலாம்" என்று யார் வந்து சொன்னாலும் கேட்காதீர்கள்.

கடைசியாக நேரம் பற்றி. ஆகஸ்ட் 1 அன்று இருக்கும் மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் எந்தப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர், எங்கே உபரி என்று கணக்கெடுத்து, உபரி ஆசிரியர்களைத் தேவையுள்ள பள்ளிக்கு மாற்றுகிற பணிநிரவல் செய்கிறார்கள். அதனால் ஆசிரியர் கேட்கும் மனுவை ஜூன், ஜூலையிலேயே கொடுங்கள், சேர்க்க வேண்டிய பிள்ளைகளையும் ஜூலைக்குள் சேர்த்து, கல்வித் துறையின் இணையப் பதிவேடான எமிஸில் ஏற்றிவிடச் சொல்லுங்கள். டி.சி. வரவில்லை, பிறப்புச் சான்று இல்லை என்று எட்டாம் வகுப்பு வரை யாரும் சேர்க்கையை மறுக்க முடியாது. மார்ச்சில் பொதுத்தேர்வு நடக்கும்போது ஆபீசே காலியாக இருக்கும், எல்லாரும் தேர்வு மையங்களில் கிடப்பார்கள், அப்போது போய் அலையாதீர்கள்.