டோகா அழுத்திய பிறகு த்ராட்டில் யார் கையில்?

வாளையார், கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு பக்கம் சிமுலேட்டர் பழகுகிறவர்களுக்குக் கிட்டத்தில் இருக்கும் ரன்வே கோவை விமான நிலையத்தின் 05/23 (ஒரே ரன்வேயின் இரு திசைகள்). கடல் மட்டத்திலிருந்து உயரம் சுமார் 1,300 அடி. பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் அங்கே 23-இல் காற்றை எதிர்த்துக் கிளம்பலாம். போயிங் 737-ஐ அங்கே கொண்டுபோய் நிறுத்தி ஆட்டோ த்ராட்டிலில், அதாவது த்ராட்டில் லீவரைத் தானாக நகர்த்தும் அமைப்பில், டேக் ஆஃப் செய்யும்போது வரும் தவறுகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் பிறக்கின்றன: இந்த நொடி எஞ்சின் யார் பேச்சைக் கேட்கிறது என்று பார்க்காமல் விடுவதில்.

பிரேக்கை விட்ட கையோடு டோகாவை, அதாவது டேக் ஆஃப் த்ரஸ்டை (எஞ்சினின் உந்துவிசையை) வரவழைக்கும் பட்டனை, அழுத்தாதீர்கள். ஐடிலில் (மிகக் குறைந்த சுழற்சியில்) இருக்கும் ஜெட் எஞ்சின் மெதுவாகத்தான் எழும்பும். இரண்டும் ஒன்றுபோல எழும்பவும் செய்யாது. ஒன்று முந்திக்கொண்டால் மூக்கு ரன்வே ஓரத்துக்குத் திரும்பும். அந்த வேகத்தில் ரட்டரால் (வால் சுக்கானால்) அதைச் சமாளிக்க முடியாது. கையால் என்1-ஐ (எஞ்சின் முன்விசிறியின் சுழற்சி அளவை) 40 சதவீதத்துக்கு ஏற்றி, இரண்டு முள்ளும் சமமாக நிற்கும்வரை பொறுத்து, அதன் பிறகு டோகா. 60 நாட் (மணிக்கு 60 கடல் மைல்) வேகத்துக்குள் டேக் ஆஃப் த்ரஸ்ட் முழுதாக வந்திருக்க வேண்டும். அழுத்தியும் ஒன்றும் நடக்காவிட்டால் முதலில் ஆட்டோ த்ராட்டில் சுவிட்ச் ஆர்மில் (தயார் நிலையில்) இருக்கிறதா என்று பாருங்கள். ஜாய்ஸ்டிக்கில் டோகாவையும் ஆட்டோ த்ராட்டில் துண்டிப்பையும் அடுத்தடுத்த பட்டன்களில் வைக்கவும் வேண்டாம்.

அதிகம் பேர் சறுக்குவது 84 நாட் வேகத்தில். ஆட்டோ த்ராட்டில் எந்த நிலையில் இருக்கிறது என்று திரையில் காட்டும் எஃப்எம்ஏ வரியில் என்1 மறைந்து த்ராட்டில் ஹோல்ட் வரும். இது பழுதல்ல. லீவரை நகர்த்தும் மோட்டாருக்கு மின்சாரம் அங்கே நிறுத்தப்படுகிறது. வேகமெடுத்த பிறகு ஏதோ ஒரு கோளாறு லீவரைத் தானாக இழுத்துவிடக் கூடாதல்லவா. நிஜ விமானத்தில் லீவர் அப்படியே முன்னால் நிற்கும். உங்கள் மேசை லீவரில் மோட்டார் கிடையாது. திரையில் லீவர் 90-ஐத் தாண்டி நிற்க, மேசையில் அது நீங்கள் 40-க்கு விட்ட இடத்திலேயே கிடக்கும். சில விமான மாடல்களில் ஹோல்ட் வந்ததும் அதிகாரம் மேசை லீவருக்குத் திரும்பிவிடும். கை லேசாகப் பட்டாலும், லீவரின் இடத்தை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டர் தூசி படிந்து நடுங்கினாலும், ரன்வே நடுவில் த்ரஸ்ட் 40-க்கு விழும். டோகா அழுத்தியதுமே மேசை லீவரையும் முன்னுக்குத் தள்ளி, திரையில் உள்ளதோடு சேர்த்து வையுங்கள். கை லீவர் குறுக்கிடாதபடி செட்டிங்கில் மாற்றவும் வழி உண்டு. ஆனால் டேக் ஆஃபைக் கைவிட நேரும்போது லீவரை இழுத்தும் த்ரஸ்ட் குறையாமல் போகலாம் என்பதால் அதை நாங்கள் சொல்லமாட்டோம்.

ரன்வேயிலிருந்து 800 அடி உயரத்தில் ஹோல்ட் போய் ஆர்ம் வரும். குறித்த உயரத்தில், பெரும்பாலும் 1,500 அடியில், ஏறுவதற்கான த்ரஸ்டோடு என்1 திரும்ப வரும். அதற்குள் பதறி எதையும் அழுத்த வேண்டாம்.

அடுத்தது வெப்பநிலை. த்ரஸ்டைக் குறைத்துக் கிளம்ப, வெளியே இருப்பதைவிட அதிகச் சூடு என்று எஃப்எம்சியிடம் (விமானத்தின் கணக்கிடும் கணினியிடம்) சொல்கிறோம். ஏப்ரலில் வெளியே 38 டிகிரி இருக்கும்போது 35 என்று போட்டால் அதற்குப் பொருளே இல்லை. போடும் எண் 38-ஐத் தாண்ட வேண்டும். எவ்வளவு தாண்டலாம் என்பதை ஊகத்தில் முடிவு செய்யாதீர்கள். எடை, ரன்வே நீளம், காற்று மூன்றையும் கொடுத்துக் கணக்கிட்டு எடுங்கள். இந்த முறையில் 25 சதவீதத்துக்கு மேல் த்ரஸ்டைக் குறைக்க அனுமதி இல்லை. இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் ரன்வேயில் தண்ணீர் தேங்கி நின்றால் இந்த வழியே வேண்டாம். வெறும் ஈரம் வேறு, தேங்கிய நீர் வேறு. காற்று திடீரென மாறும் அறிகுறி இருந்தாலும் முழு த்ரஸ்ட்தான்.

ஏர்பஸ் ஏ320-க்குப் போகிறவர்கள் டோகா பட்டனைத் தேட வேண்டாம். லீவரின் இடம்தான் கட்டளை. 50 சதவீதத்தில் நிலைக்கவிட்டு ஃப்ளெக்ஸ் (குறைத்த டேக் ஆஃப் த்ரஸ்ட்) டீடென்டில், அதாவது லீவர் பொருந்தி நிற்கும் பள்ளத்தில், 'டக்'கென்று உட்காரவைக்க வேண்டும். மேசை லீவரை ஒவ்வொரு டீடென்டுக்கும் தனித்தனியாகக் காலிபரேட் செய்யாவிட்டால், அல்லது ஃப்ளெக்ஸ் வெப்பநிலையைப் போட மறந்தால், லீவர் சரியாக வைக்கப்படவில்லை என்று எச்சரிக்கை வரும். ஏறிய பின் எல்விஆர் சிஎல்பி (லீவரை கிளைம்புக்கு மாற்று என்ற அறிவிப்பு) மின்னும்போது லீவரை கிளைம்ப் டீடென்டுக்கு இழுங்கள்; நீங்கள் இழுக்கும்வரை ஆட்டோ த்ரஸ்ட் நீல எழுத்தில் காத்துக்கொண்டே இருக்கும், எஞ்சின் டேக் ஆஃப் த்ரஸ்டிலேயே ஓடிக்கொண்டிருக்கும்.