ஸ்டீம் பருவகாலத் தள்ளுபடியில் கேம் வாங்கும் முறை

ஆடித் தள்ளுபடிக்குத் துணி எடுக்கப் போகிறவர்கள் முதல் நாளே தியாகராய நகருக்குக் கிளம்புவதில் நியாயம் உண்டு. நல்ல நிறமும் சரியான அளவும் மாலைக்குள் தீர்ந்துவிடும். ஸ்டீம் போன்ற இணையக் கடைகளில் நடக்கும் கேம் தள்ளுபடிக்கு அந்த அவசரம் பொருந்தாது. கிடங்கில் அடுக்கிய சரக்கு என்று அங்கே எதுவும் இல்லாததால் தீர்ந்துபோக ஒன்றுமில்லை. இது தெரிந்திருந்தும் விற்பனை தொடங்கிய இரவே ஐந்தாறு கேம்களை வாங்கிவிட்டு, அவற்றில் பாதியை ஒருமுறைகூடத் திறந்து பார்க்காதவர்கள் ஏராளம். பல ஆண்டுகள் நானும் அப்படித்தான் வாங்கிக்கொண்டிருந்தேன். பிறகு பழகிக்கொண்ட முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வால்வ் நிறுவனம் 2003ஆம் ஆண்டு தொடங்கிய ஸ்டீம், ஆண்டுக்கு நான்கு பெரிய விற்பனைகளை நடத்துகிறது. 2025இல் வசந்தகால விற்பனை மார்ச் 13 முதல் 20 வரையிலும், கோடைகால விற்பனை ஜூன் 26 முதல் ஜூலை 10 வரையிலும், இலையுதிர்கால விற்பனை செப்டம்பர் 29 முதல் அக்டோபர் 6 வரையிலும் நடந்தன. குளிர்கால விற்பனை டிசம்பர் 18இல் தொடங்கியது. இலையுதிர்கால விற்பனை முன்பெல்லாம் நவம்பர் கடைசியில் வரும். அதை நம்பி நவம்பருக்காகக் காத்திருந்தவர்கள் அந்த ஆண்டு ஏமாந்திருப்பார்கள். வால்வ் தேதிகளை முன்கூட்டியே அறிவித்துவிடுவதால் அவற்றைக் குறித்துவைத்துக்கொள்வது எளிது. விற்பனை அமெரிக்க மேற்குக் கரை நேரப்படி காலை 10 மணிக்குத் தொடங்கும். நமக்கு அது கோடையில் இரவு 10.30, குளிர்காலத்தில் இரவு 11.30. முதல் ஒரு மணி நேரம் கூட்டம் தாங்காமல் கடையின் பக்கங்கள் திணறுவது வழக்கம் என்பதால், தூங்கி எழுந்து காலையில் பார்ப்பதே நல்லது.

அப்படித் தூங்கிவிட்டால் நல்ல விலை கைநழுவிவிடாதா என்ற அச்சம் பழைய காலத்தின் மிச்சம். சில மணி நேரத்துக்கு ஒருமுறை மாறும் மின்னல் தள்ளுபடிகள் ஒரு காலத்தில் ஸ்டீமில் இருந்தன. அவற்றுக்காக நள்ளிரவில் அலாரம் வைத்து எழுந்தவர்களும் உண்டு. 2015 ஜூனில் பணத்தைத் திருப்பித் தரும் விதி வந்தது. அதே ஆண்டின் இலையுதிர்கால விற்பனையோடு மின்னல் தள்ளுபடிகள் நிறுத்தப்பட்டன. அதன் பிறகு முதல் நாள் காணும் விலைதான் பொதுவாகக் கடைசி நாள் வரை நீடிக்கிறது. ஆகவே முதல் சில நாள்களைப் பார்ப்பதற்கும் ஒப்பிடுவதற்கும் ஒதுக்கிவிட்டுக் கடைசி இரண்டு நாள்களில் வாங்குங்கள். முதல் நாள் அவசியமாகத் தோன்றிய ஒன்று ஐந்தாம் நாள் நினைவில்கூட இருக்காது. அந்த ஒரு காரணமே போதும்.

விற்பனைக்குச் சில வாரங்கள் முன்பே உங்கள் விஷ்லிஸ்ட்டை, அதாவது வாங்க விரும்பும் கேம்களை ஸ்டீமில் குறித்துவைக்கும் பட்டியலை, ஒழுங்குபடுத்திவிடுங்கள். அதிலுள்ள கேமுக்குத் தள்ளுபடி வந்தால் ஸ்டீம் மின்னஞ்சல் அனுப்பும் என்பதால், கடையின் முகப்புப் பக்கத்தில் அலைய வேண்டிய தேவையே எழாது. ஒவ்வொரு கேமையும் பார்த்து, "இதை இன்றிரவே நிறுவி விளையாடுவேனா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். தயங்கினால் பட்டியலின் கீழே தள்ளுங்கள். உங்கள் கணினியின் கிராபிக்ஸ் கார்டு தாங்குமா, வட்டில் இடம் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 என்ற கேம் கேட்கும் இடம் 150 ஜிபி. நாளொன்றுக்கு 2 ஜிபி தரும் மொபைல் டேட்டாவை மட்டும் நம்பியிருப்பவர் அதைப் பதிவிறக்க இரண்டரை மாதம் ஆகும், அதற்குள் அடுத்த விற்பனையே நெருங்கிவிடும்.

அடுத்தது விலையின் வரலாறு. என் அனுபவத்தில் மற்ற எல்லாவற்றையும்விடப் பணத்தை மிச்சப்படுத்தியது இதுதான். ஸ்டீம்டிபி என்ற தளத்தில் ஒரு கேமின் பெயரைத் தேடினால், அது எந்த நாளில் என்ன விலைக்கு விற்றது என்பதும், இதுவரை வந்த மிகக் குறைந்த விலை எது என்பதும் வரைபடமாகத் தெரியும். இஸ்தேர்எனிடீல் என்ற தளமோ பல கடைகளின் விலைகளை ஒரே இடத்தில் ஒப்பிட்டுக் காட்டும். ஸ்டீம்டிபியின் வரைபடத்தில் நீங்கள் கவனிக்க வேண்டியது, விலை எந்த வேகத்தில் படி இறங்கியிருக்கிறது என்பதை. முதல் ஆண்டில் 20%, அடுத்த ஆண்டில் 40%, பிறகு 60% என்று சீராக இறங்கிவரும் கேமை இன்று 40 சதவீதத்தில் வாங்குவதும் ஓராண்டு பொறுப்பதும் உங்கள் ஆவலைப் பொறுத்தது. மூன்று ஆண்டுகளாக ஒரே குறைந்த விலையைத் தொட்டுத் தொட்டுத் திரும்பும் கேம் இன்னும் இறங்கும் என்று எதிர்பார்ப்பது வீண். அந்த விலை வந்ததும் வாங்கிவிடலாம்.

ஒப்பிடும்போது சதவீதத்தை விட்டுவிட்டு ரூபாயை மட்டும் பாருங்கள். அடிப்படை விலையே உயர்த்தப்பட்டிருந்தால், இன்றைய 50% தள்ளுபடி இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய 40 சதவீதத்தைவிட அதிக விலையாக இருக்கக்கூடும். முந்தைய வாரம் விலையை ஏற்றி மறுவாரம் தள்ளுபடி அறிவிக்கும் துணிக்கடை உத்தி ஸ்டீமில் செல்லாது. விலையை உயர்த்திய 30 நாள்களுக்குள் தள்ளுபடி தரக்கூடாது என்று வால்வ் விதித்திருக்கிறது. ஆனால் ஆறு மாதம் முன்பு ஏற்றியதை அந்த விதி தடுக்காது. அதை வரைபடம்தான் காட்டிக்கொடுக்கும்.

இரண்டு கேம்களின் கதையைச் சொன்னால் காத்திருப்பதன் கணக்கு விளங்கும். ஃபேக்டோரியோ என்ற செக் நாட்டு கேம் எந்தப் பருவத்திலும் தள்ளுபடிக்கு வந்ததில்லை. தள்ளுபடியே தருவதில்லை என்பது அதை உருவாக்கியவர்களின் கொள்கை. 2023 ஜனவரியில் அதன் விலை 30 டாலரிலிருந்து 35 டாலராக உயர்ந்தபோது, விலை குறையட்டும் என்று காத்திருந்தவர்களுக்கு நட்டம்தான் மிஞ்சியது. சைபர்பங்க் 2077 இதற்கு நேரெதிர். 2020 டிசம்பரில் வெளியானபோது பிழைகள் மலிந்து கிடந்ததால் சோனி அதைப் பிளேஸ்டேஷன் கடையிலிருந்து சில மாதங்கள் நீக்கியே வைத்திருந்தது. 2023 செப்டம்பரில் வந்த 2.0 மேம்படுத்தலுக்குப் பிறகு கேமின் பல பகுதிகள் புதிதாகவே மாறின. பொறுத்திருந்தவர்கள் குறைந்த விலைக்கு மேலான கேமைப் பெற்றார்கள்.

ஒரே கேம் மூன்று நான்கு பதிப்புகளாக விற்கப்படும் இடத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். டீலக்ஸ் என்ற பெயரில் சில உடைகளும் ஓர் இசைத்தொகுப்பும் மட்டுமே கூடுதலாகக் கிடைப்பது அடிக்கடி நடக்கும். விளக்கத்தை முழுக்கப் படிக்காமல் வாங்காதீர்கள். கூடுதல் கதைப்பகுதியான டிஎல்சியைப் பொறுத்தவரை, மூல கேமை முடிக்கும் தறுவாயில் வாங்கினால் போதும். 2024 ஜூனில் வந்த எல்டன் ரிங்கின் விரிவாக்கத்துக்குள் நுழைய, மூல கேமில் ரடான், மோக் என்ற இரண்டு பெரிய எதிரிகளை முதலில் வீழ்த்தியாக வேண்டும். புதிதாகத் தொடங்குபவர் அந்த இடத்துக்கு வரப் பல வாரங்கள் ஆகலாம். தள்ளுபடி இருக்கிறதே என்று இரண்டையும் சேர்த்து வாங்கி, ரடானிடம் தோற்று ஒதுங்கியவர்களில் ஒருவரை எனக்கு மிக நெருக்கமாகத் தெரியும்.

பண்டில் எனப்படும் தொகுப்புகள் பல நேரங்களில் லாபமானவை, ஏனெனில் தொகுப்புக்கான தள்ளுபடி ஒவ்வொரு கேமுக்கும் உள்ள தள்ளுபடியின் மேல் சேரும். 2,000 ரூபாய் கேமுக்கு 50% தள்ளுபடி போக 1,000 ரூபாய். அதன்மேல் தொகுப்பின் 20% போக 800 ரூபாய். ஐம்பதையும் இருபதையும் கூட்டி 70% என்று எண்ணி 600 ரூபாயை எதிர்பார்க்கக்கூடாது. தொகுப்பில் சிலவற்றை நீங்கள் ஏற்கெனவே வாங்கியிருந்தால், மீதிக்கு மட்டும் பணம் செலுத்தும்படி பெரும்பாலான தொகுப்புகள் அமைந்திருக்கும்.

2015 நவம்பர் முதல் இந்தியாவில் ஸ்டீம் ரூபாயில் விலை காட்டுகிறது. இலங்கையில் இருப்பவர்களுக்கு டாலரில்தான் தெரியும். டாலரில் பணம் வாங்கும் எந்தக் கடையிலும் வங்கி பிடிக்கும் அந்நியச் செலாவணிக் கட்டணத்தைக் கூட்டியே விலையை ஒப்பிட வேண்டும். வேறு நாட்டின் மலிவு விலைக்காக விபிஎன் மூலம் இருப்பிடத்தை மறைப்பது ஸ்டீமின் ஒப்பந்தத்துக்கு எதிரானது. நூறு ரூபாய் மிச்சத்துக்காகப் பல ஆண்டுச் சேகரிப்பைப் பணயம் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

வாங்கியது பிடிக்காவிட்டால், வாங்கிய 14 நாள்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தரும். தொகுப்பானால் எல்லா கேம்களும் சேர்ந்தே இரண்டு மணி நேரம். எனவே முதல் ஒரு மணி நேரத்தில் உங்கள் கணினியில் கேம் சீராக ஓடுகிறதா என்பதை முடிவுசெய்துவிடுங்கள். திறந்துவைத்துவிட்டுச் சாப்பிடப் போனால் அந்த நேரமும் கணக்கில் ஏறும். பலர் அறியாத ஒரு சலுகையும் உண்டு: முழு விலைக்கு வாங்கிய சில நாள்களில் விற்பனை தொடங்கிவிட்டால், அதே வரம்புக்குள் பணத்தைத் திரும்பப் பெற்று உடனே குறைந்த விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். இதை முறைகேடாகக் கருதுவதில்லை என்று ஸ்டீமின் விதியிலேயே எழுதியிருக்கிறார்கள்.

மற்ற கடைகளின் விதிகள் வேறுபடும். எபிக் கடையிலும் 14 நாள், இரண்டு மணி நேரம்தான். வியாழன்தோறும் அங்கே ஏதாவது ஒரு கேம் இலவசமாகக் கிடைக்கிறது என்பதால், விஷ்லிஸ்ட்டில் உள்ளது அங்கே ஏற்கெனவே உங்கள் கணக்கில் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. ஜிஓஜியில், கேமைத் திறந்து விளையாடியிருந்தாலும் 30 நாள் வரை பணத்தைத் திரும்பக் கேட்கலாம். பிளேஸ்டேஷன் கடையிலோ பதிவிறக்கத் தொடங்கிவிட்டாலே அந்த உரிமை பொதுவாகப் போய்விடும். கேமை உங்கள் கணக்கில் சேர்க்க உள்ளிட வேண்டிய, கீ எனப்படும் குறியீடுகளைத் தனியாக விற்கும் தளங்களில், உருவாக்கியவர்களிடமிருந்து நேரடியாகப் பெற்று விற்கும் ஹம்பிள் பண்டில், ஃபனாட்டிக்கல் போன்றவற்றை நம்பலாம். யார் வேண்டுமானாலும் கீ விற்கக்கூடிய சந்தைகளில் திருட்டு அட்டையில் வாங்கியவையும் கலந்திருக்கும். அப்படி ஒரு தளத்தில் நான் வாங்கிய கீ இரண்டு வாரத்தில் ரத்தாகிவிட்டது. வெளியே வாங்கியதற்கு ஸ்டீம் பொறுப்பேற்காது.

பணம் செலுத்தும் முன் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். 2024 முதல் உள்ள ஸ்டீம் ஃபேமிலீஸ் வசதியில் ஒரே வீட்டைச் சேர்ந்த ஆறு பேர் வரை தங்கள் கேம்களைப் பகிர முடியும். அண்ணன் வாங்கியதை அவர் விளையாடாத நேரத்தில் தங்கை விளையாடலாம். பகிர்வதற்கு எல்லா கேம்களும் அனுமதிப்பதில்லை, அதைக் கடைப் பக்கத்திலேயே குறிப்பிட்டிருப்பார்கள்.

கடைசி நாள் இரவு 10.30 வரை, குளிர்காலமானால் 11.30 வரை, நேரம் இருந்தாலும் மாலைக்குள் பணத்தைச் செலுத்திவிடுங்கள். யுபிஐ பரிமாற்றம் இடையில் நின்றுவிட்டால் மறுபடி செலுத்த அவசரப்பட வேண்டாம். ஸ்டீமின் கொள்முதல் பக்கத்தில் அது நிலுவையில் இருப்பதாகக் காட்டினால் முதலில் அது தீரும் வரை பொறுங்கள், இல்லையென்றால் வங்கிக் கணக்கிலிருந்து இருமுறை பணம் போய்விட்டு அதைத் திரும்பப் பெற நாள்கணக்கில் அலைய நேரும்.