செங்கல் சுவர் அறையில் சப்வூஃபரைச் சரிசெய்வது

புதிதாக சப்வூஃபர் (தாழ்ந்த பாஸ் ஒலிக்கு மட்டுமான ஸ்பீக்கர் பெட்டி, சுருக்கமாகச் சப்) வாங்கியவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "பாஸ் கும்முன்னு நிக்குதுங்க, என்ன பண்றது?" வால்யூமைக் குறைத்துப் பார்த்திருப்பார்கள். குறைத்தால் பாஸ் மொத்தமாகக் காணாமல் போகும், கூட்டினால் மறுபடி கும்மும். பெட்டியை மாற்றலாமா என்று யோசிக்கும் நேரத்தில்தான் என்னைக் கூப்பிடுவார்கள். பெட்டியை மாற்ற வேண்டாம். குறை அறையில் இருக்கிறது. அதை அளந்து பார்க்கலாம், பெருமளவு சரியும் செய்யலாம்.

40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 28 அடி. கோவையில் நான் பாட்டுக் கேட்கும் அறை 14க்கு 11 அடி, உயரம் 10 அடி. அதாவது அலையின் பாதிதான் அறைக்குள் அடங்கும். அப்படிச் சரியாகப் பாதி அடங்கும் ஒலி எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே மாட்டிக்கொண்டு பலமாகிவிடும். அகலத் தொட்டியில் தண்ணீரை ஆட்டிவிட்டால் இரண்டு ஓரமும் ஏறி இறங்கும், நடுவில் மட்டம் அசையாது. அறையில் காற்றழுத்தமும் அப்படித்தான். சுவரோரம் பாஸ் பெருத்திருக்கும், நட்டநடுவில் அந்தக் குறிப்பிட்ட ஒலியே இருக்காது. இதை ரூம் மோட் என்கிறார்கள்.

கணக்கு எளிது. நம் ஊர் வெப்பத்துக்கு 570ஐ அடிக்கணக்கால் வகுத்தால் போதும். என் அறைக்கு நீளவாக்கில் 41 ஹெர்ட்ஸ், அகலவாக்கில் 52, உயரவாக்கில் 57. பாஸ் கிட்டாரின் தடித்த தந்தியை அழுத்தாமல் மீட்டினால் வருவது 41.2 ஹெர்ட்ஸ். ஆக, எண்பதுகளின் திரைப்பாடல்களில் பாஸ் கிட்டார் அந்தச் சுரத்துக்கு வரும்போதெல்லாம் அறை தன் பங்குக்கும் பாடும், பக்கத்துச் சுரத்தில் சும்மா இருக்கும். உங்கள் அறையில் எந்தச் சுரம் வீங்கும் என்பதை டேப்பை எடுத்து அளந்தே இப்படி ஊகித்துவிடலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை அமெரிக்க வீடுகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே பல வீடுகளில் உள்சுவர் என்பது மரச்சட்டத்தில் அடித்த ஜிப்சம் பலகை. தாழ்ந்த ஒலிக்கு அது லேசாக வளைந்து கொடுத்து கொஞ்சத்தை விழுங்கிவிடும். நம் வீட்டில் செங்கல், சிமென்ட் பூச்சு, மேலே கான்கிரீட் தளம், கீழே டைல்ஸ். எதுவும் எதையும் விழுங்காது. அதனால் நமக்கு அளந்த வரைபடத்தில் மேடுகள் (வீங்கும் ஒலிகள்) உயரமாகவும், ஒலி அடங்கும் நேரம் நீளமாகவும் இருக்கும். அங்கே 'செய்தால் நல்லது' என்று எழுதியிருப்பது இங்கே கட்டாயம் செய்ய வேண்டியது.

அளக்க என்ன வேண்டும்? அறையின் ஒலியை அளந்து வரைபடமாகக் காட்டும், ஜான் மல்கேஹி எழுதிய ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற மென்பொருள் இலவசம். ஒரு லேப்டாப். ஒரு அளவெடுக்கும் மைக். நான் வைத்திருப்பது மினிடிஎஸ்பியின் யூமிக்-1. யூஎஸ்பியில் நேராகச் செருகலாம். ஒவ்வொரு மைக்குக்கும் அதன் வரிசை எண்ணுக்கேற்ற திருத்தக் கோப்பு ஒன்றைத் தருகிறார்கள், அதை மென்பொருளில் ஏற்ற மறக்காதீர்கள். போன் ஆப் போதாதா என்று கேட்பார்கள். போன் மைக் பேச்சுக்காகச் செய்தது, தாழ்ந்த ஒலியை வெட்டிவிடும் போன்கள் நிறைய உண்டு. 40 ஹெர்ட்ஸைப் பற்றி முடிவெடுக்க அதை நம்பாதீர்கள். ஒரே ஊரில் நான்கு நண்பர்கள் இருந்தால் ஒரு மைக்கைப் பங்கு போட்டு வாங்கலாம். தினமும் தேவைப்படும் பொருள் இல்லை அது.

அளக்கும் முன் ஃபேனையும் ஏசியையும் நிறுத்துங்கள். ரிசீவரில் (ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டி) லௌட்னஸ், பாஸ் டோன், தானாகத் திருத்தும் வசதி எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். கதவை எப்படி வைத்துப் பாட்டுக் கேட்பீர்களோ அப்படியே வையுங்கள். இது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் கதவைத் திறந்தால் பாஸ் வெளியே கசிந்து வரைபடமே மாறும். மைக்கை ஸ்டாண்டில் மாட்டி, உட்காரும்போது காது இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். சோஃபா முதுகில் சாய்த்து வைக்கக் கூடாது.

சரி, இப்போது முக்கியமான வேலை. இடம். இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வாங்கிய அன்று டிவி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த மூலையில் வைத்த பெட்டி, வருஷக்கணக்கில் அங்கேயே இருக்கும். மூலையில் வைத்தால் சத்தம் அதிகம் வரும், உண்மை. ஆனால் அறையின் எல்லா மோடுகளையும் ஒருசேரத் தட்டி எழுப்புவதும் மூலைதான்.

நல்ல இடத்தைத் தேட ஒரு வழி உண்டு. சப்பைத் தூக்கி நீங்கள் உட்காரும் இடத்திலேயே வையுங்கள். ஸ்டூல் போட்டு, முடிந்தவரை காது உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு மைக்கைச் சப் வைக்கக்கூடிய ஒவ்வொரு இடத்திலும் தரையருகே பிடித்து அளவெடுங்கள். சப்பையும் காதையும் இடம் மாற்றினாலும் இரண்டுக்கும் நடுவே ஒலி போகும் விதம் மாறாது என்பதால், இது கனமான பெட்டியை அறை முழுக்க இழுப்பதற்குச் சமம், இடுப்புவலி மட்டும் இல்லை. மைக் இல்லாதவர்கள் ஏறி இறங்கும் பாஸ் வரிசை உள்ள ஒரு பாட்டை ஓடவிட்டு, தரையில் தவழ்ந்து காதால் தேடலாம். எங்கே எல்லாச் சுரமும் ஏறக்குறைய ஒரே பலத்தில் கேட்கிறதோ அங்கே பெட்டியை வையுங்கள். பலமாகக் கேட்கும் இடத்தைத் தேடாதீர்கள். சமமாகக் கேட்கும் இடமே வேண்டும்.

மென்பொருளில் 15 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை ஸ்வீப் (கீழிருந்து மேலே ஏறும் சோதனை ஒலி) ஓட்டுங்கள், சத்தம் 75 டெசிபல் அளவில் இருந்தால் போதும். வரைபடத்தில் நிலையச்சை (செங்குத்து அச்சை) 45 முதல் 105 டெசிபல் வரை வைத்துக்கொள்ளுங்கள். மிகவும் குறுக்கினால் சிறு மேடும் மலையாகத் தெரிந்து பயமுறுத்தும், விரித்தால் மலையும் தட்டையாகிவிடும். ஸ்மூத்திங் (கோட்டின் மேடுபள்ளத்தை மழுப்பிக் காட்டும் வசதி) வேண்டாம். பாஸில் அது உண்மையை மறைக்கும்.

என் அறையில் மூலையில் வைத்தபோது 41 ஹெர்ட்ஸ் சுற்றிலும் இருந்ததைவிடச் சுமார் 12 டெசிபல் தூக்கி நின்றது. நீளச் சுவரின் நடுவுக்குப் பெட்டியை நகர்த்தியதும் அந்த மேடு பாதியாகக் கரைந்தது. நீளவாக்கு மோடுக்கு அறையின் நடு என்பது அசையாத இடம். அங்கிருந்து அதைப் பலமாகத் தட்டி எழுப்ப முடியாது. ஒரு ரூபாய் செலவில்லாமல் கிடைத்த திருத்தம் இது. எந்தக் கருவியின் ஈக்யூவையும்விட (குறிப்பிட்ட ஒலியை மட்டும் ஏற்றி இறக்கும் திருத்தம்) இதை நான் உயர்வாக நினைக்கிறேன்.

நாற்காலியும் நகர வேண்டும். பின்சுவரை ஒட்டிய சோஃபாவில் பாஸ் எப்போதும் வீங்கியிருக்கும். அறையின் சரிபாதியில் உட்கார்ந்தால் முதல் மோடு காணாமல் போய் அடிமட்டம் காலியாகும். நீளத்தில் 38 சதவீதம் என்று ஒரு பழைய கணக்கு சொல்வார்கள். எனக்கு அது பின்சுவரிலிருந்து 5 அடி சொச்சம். அதைத் தொடக்கமாக வைத்து அரை அடி முன்பின் நகர்த்தி அளந்து பாருங்கள். வீட்டில் அவ்வளவு தூரம் சோஃபாவை இழுக்க விடமாட்டார்கள் என்றால் ஒன்றரை அடி இழுத்தாலும் வித்தியாசம் தெரியும்.

அடுத்து ஸ்பீக்கர்களோடு சேர்ப்பது. ரிசீவரில் எல்லா ஸ்பீக்கரையும் 'ஸ்மால்' என்று வைத்து க்ராஸ்ஓவரை, அதாவது சப்புக்கும் ஸ்பீக்கருக்கும் ஒலியைப் பிரிக்கும் எல்லையை, 80 ஹெர்ட்ஸில் தொடங்குங்கள். பெட்டியின் பின்னால் உள்ள க்ராஸ்ஓவர் குமிழை முழுவதும் ஏற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு வடிகட்டி ஒன்றன்மேல் ஒன்று விழும். சப் தனியாக, இடது ஸ்பீக்கர் தனியாக, வலது தனியாக, பிறகு எல்லாம் சேர்த்து என்று அளந்துகொள்ளுங்கள். சேர்த்த அளவில் 60 முதல் 100 ஹெர்ட்ஸுக்குள் பள்ளம் விழுந்தால் சப்பும் ஸ்பீக்கரும் ஒன்றையொன்று அழிக்கின்றன. முதலில் சப்பின் ஃபேஸ் சுவிட்சை (ஒலி அலையைத் தலைகீழாக்குவது) 180க்கு மாற்றிப் பாருங்கள். பிறகு ரிசீவரில் சப்பின் தூரத்தை ஒரு அடி ஒரு அடியாக மாற்றி, அந்தப் பகுதி எங்கே அதிகம் நிரம்புகிறதோ அங்கே நிறுத்துங்கள். ரிசீவர் தானாக அளந்து, சப் உண்மையில் இருப்பதைவிட எட்டத்தில் இருப்பதாகக் காட்டினால் அதைத் திருத்தாதீர்கள். பெட்டிக்குள் உள்ள மின்சுற்று ஒலியைத் தாமதப்படுத்துவதை அது தூரமாகக் கணக்கிட்டிருக்கிறது.

இவ்வளவுக்கும் பிறகுதான் ஈக்யூ. மைக்கை ஒரு இடத்தில் மட்டும் வைக்காமல், தலை இருக்கும் இடத்துக்கு இருபுறமும் ஒரு அடி தள்ளியும், கொஞ்சம் முன்னாலும் அளந்து சராசரி எடுங்கள். எல்லா அளவிலும் பொதுவாக வரும் மேட்டை மட்டும் தொடுங்கள். எனக்கு மிச்சமிருந்தது 41இல் ஆறு டெசிபல் மேடு. 41 ஹெர்ட்ஸ், மைனஸ் 5 டெசிபல், க்யூ (ஃபில்டர் எவ்வளவு குறுகலானது என்ற அளவு) 6 என்று ஒரே ஒரு ஃபில்டர். மறுபடி அளந்தபோது வாட்டர்ஃபால் வரைபடத்தில் (ஒலி அடங்கும் நேரத்தைக் காட்டுவது) வாலும் குட்டையாகியிருந்தது. மோடால் வரும் மேட்டை வெட்டினால் அதன் இழுவையும் குறையும். விண்டோஸ் கம்ப்யூட்டரில் பாட்டுக் கேட்பவர்கள் ஈக்வலைசர் ஏபிஓ என்ற இலவச மென்பொருளில் இதைச் செய்யலாம். மற்றவர்களுக்கு மினிடிஎஸ்பி போன்ற ஒரு பெட்டி ரிசீவருக்கும் சப்புக்கும் நடுவே வேண்டும். சில சப்களில் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது.

பள்ளத்தை நிரப்ப ஆசைப்படாதீர்கள். அங்கே நேர் ஒலியும் சுவரில் பட்டுத் திரும்பிய ஒலியும் ஒன்றையொன்று கழித்துக்கொள்கின்றன. நீங்கள் எவ்வளவு ஏற்றினாலும் திரும்பி வருவதும் அவ்வளவு ஏறும். 10 டெசிபல் ஏற்ற ஆம்ப்ளிஃபயர் பத்து மடங்கு சக்தி தர வேண்டும், எல்லாம் வீண். பள்ளம் எங்கிருந்து வருகிறது என்று தெரிய 285ஐச் சுவருக்கும் ஸ்பீக்கருக்கும் உள்ள தூரத்தால் வகுத்துப் பாருங்கள். தனக்குப் பின்னால் உள்ள சுவரிலிருந்து 3 அடியில் ஸ்பீக்கர் இருந்தால் 95 ஹெர்ட்ஸ் அருகே பள்ளம் வரும். மருந்து, ஸ்பீக்கரை நகர்த்துவதுதான்.

முட்டை அட்டை ஒட்டுவது, மெல்லிய ஃபோம் ஒட்டுவது எல்லாம் பாஸுக்கு எதையும் செய்யாது. 40 ஹெர்ட்ஸின் கால் அலை 7 அடி, ஒரு அங்குல ஃபோம் அதை என்ன செய்துவிடும்? பணம் இருந்தால் அதைவிட இரண்டாவது சப் மேல். ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்டி 2002இல் எத்தனை சப் போதும் என்று ஆராய்ந்து எழுதியதில், எதிரெதிர்ச் சுவர்களின் நடுவே ஒன்றொன்று வைப்பது நல்ல பலன் தருவதாகக் காட்டினார். குறிப்பாக ஒரே வரிசையில் நாலைந்து பேர் உட்கார்ந்து படம் பார்க்கும் வீட்டுக்கு இது உதவும். ஒரு சப்பை ஈக்யூ செய்தால் ஒரு நாற்காலிதான் சரியாகும்.

வரைபடம் நேர்கோடாக வர வேண்டியதில்லை. தாழ்ந்த ஒலிக்கு நம் காது மந்தம், அதனால் 100 ஹெர்ட்ஸிலிருந்து 30 வரை மெல்ல 4 முதல் 6 டெசிபல் ஏறும்படி விட்டால் இயல்பாகக் கேட்கும். கச்சேரிக்கு நான் அதைக் குறைத்துக்கொள்வேன், படத்துக்கு ஏற்றுவேன். சோதிக்க எனக்கு மிருதங்கத்தைவிட நல்ல வாத்தியம் கிடையாது. தொப்பியில் (அதன் இடது முகத்தில்) கும்கி இழுக்கும்போது சுரம் ஏறுவது தெளிவாகக் காதில் விழ வேண்டும். எல்லாம் ஒரே 'தும்' என்று கேட்டால் 100 ஹெர்ட்ஸைச் சுற்றி இன்னும் வேலை இருக்கிறது.

பிறகு அதிர்வு வேட்டை. மென்பொருளின் டோன் ஜெனரேட்டரில் 20இலிருந்து 120 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக நகர்த்திக்கொண்டே அறையைச் சுற்றி வாருங்கள். ஸ்டீல் பீரோவின் கதவு, ஜன்னல் கொக்கி, ஷோகேஸ் கண்ணாடி, பரணில் அடுக்கிய எவர்சில்வர் பாத்திரம் என்று ஒவ்வொன்றும் தன் ஒலி வரும்போது தானே காட்டிக்கொடுக்கும். கதவோரம் ஃபெல்ட் துண்டு ஒட்டுங்கள், பாத்திரங்களுக்கு நடுவே துணி வையுங்கள். 'சப் கரகரங்குது' என்று என்னிடம் வந்த புகார்களில் நிறைய பீரோவில்தான் முடிந்திருக்கின்றன. பாட்டு இல்லாதபோதும் உறுமல் இருந்து, வரைபடத்தில் 50இலும் 100இலும் ஊசி போல நின்றால் அது கரண்ட் ஹம். ரிசீவரையும் சப்பையும் ஒரே சுவிட்ச் பலகையில் செருகிப் பாருங்கள். எக்காரணம் கொண்டும் எர்த் பின்னைக் கழற்றாதீர்கள்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு இன்னொரு பலன் உண்டு. கீழ்வீட்டுக்குத் தளம் வழியாக இறங்குவதில் பெரும்பங்கு அந்த வீங்கிய மேடுதான். அதை வெட்டிய பிறகு எங்கள் கீழ்வீட்டு அக்கா இரவு ஒன்பதுக்கு மேல் போன் செய்வதில்லை. நானும் முன்பைவிடக் குறைந்த வால்யூமில் முழு பாஸும் கேட்கிறேன்.

முடித்ததும் சப்பின் காலடியில் தரையில் டேப் ஒட்டிக் குறித்துவிடுங்கள், வீடு துடைக்கும்போது நகரும். பின்புறக் குமிழ்களைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அளவுக் கோப்பைத் தேதியிட்டுச் சேமியுங்கள். சோஃபாவோ பீரோவோ இடம் மாறினால் மறுபடி ஒரு ஸ்வீப் ஓட்டி, பழைய கோட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்று டெசிபலுக்குள் இருந்தால் எதையும் தொட வேண்டாம்.