டர்போ காரில் எண்ணெய் கசிகிறதா? முதலில் ஒரு ரப்பர் கையுறை

டர்போ பெட்ரோல் காரில் எண்ணெய் கசிவு தெரிந்தால், ஆயில் சீலையோ (எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையம்) டர்போவையோ மாற்றும் முன் இதைச் செய்து பாருங்கள். இன்ஜின் நன்றாகச் சூடானதும் ஐடிலில் ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அந்த வாயில் மெல்லிய ரப்பர் கையுறையைக் காற்று புகாமல் பிடியுங்கள். கையுறை மெல்ல உள்ளே இழுபட்டால் சரி. பலூன் மாதிரி உப்பினால் பிசிவி வால்வோ (இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் வால்வு) பிரீதர் ஹோஸோ (அந்த வாயு போகும் குழாய்) அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். (பெல்ட் பக்கம் கையுறை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.)

பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் வாயு எப்போதும் கிராங்க்கேஸுக்குள் (இன்ஜினின் அடிப்பகுதி) இறங்கும். பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) ஏறும்போது இன்னும் அதிகம். ஐடிலில் இன்டேக் மேனிஃபோல்டின் (சிலிண்டர்களுக்குக் காற்று போகும் குழாய்) வெற்றிடம் அதை பிசிவி வழியாக உறிஞ்சிவிடும். அந்த வழி அடைத்தால் அழுத்தம் சீல்களைத் தள்ளும். டர்போவிலிருந்து எண்ணெய் கீழே வடிவதையும் தடுக்கும். அப்போது நல்ல டர்போகூட நீலப் புகை கக்கும்.

டீசலுக்கு இந்தச் சோதனை ஒத்துவராது. அங்கே மேனிஃபோல்டில் அவ்வளவு வெற்றிடம் இல்லை, லேசான ஊதல் இயல்புதான். பெட்ரோலிலும், மூடியைத் தூக்கவே முடியாத அளவு உறிஞ்சி விசில் சத்தம் வந்தால் அடைப்பு இல்லை. பிசிவியின் டயாஃப்ரம் (உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு) கிழிந்திருக்கலாம். புது வால்வு போட்டு ஹோஸ்களைச் சுத்தம் செய்தும் உப்புகிறதா, அப்புறம் ரிங் தேய்மானத்தைச் சந்தேகித்து சிலிண்டர் கம்ப்ரஷன் (அழுத்தம்) பாருங்கள்.