தலை சுற்றுகிறதா? மூச்சுத் தசைப் பயிற்சியில் செய்யும் தவறுகள்

மூளை கூர்மையாகும் என்று நம்பி, மூச்சை இழுக்கும் தசைகளுக்குச் சுமை தரும் கருவியைச் சிலர் வாங்குகிறார்கள். அதை வாயில் வைத்ததும் புஸ் புஸ் என்று வேகமாக இழுத்து விடுவார்கள். இந்தப் பயிற்சியில் மிகப் பெரிய தவறு அதுதான். நிறைய மூச்சு போனால் மூளைக்கு நிறைய ஆக்சிஜன் கிடைக்கும் என்ற நினைப்பு. ஆரோக்கியமான ஒருவர் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே ரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு 95 சதவீதத்துக்குக் குறையாது. அதற்கு மேல் ஏற்ற அங்கே பெரிதாக இடமில்லை. அவசர மூச்சில் குறைவது கரியமில வாயு. அது குறைந்தால் மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்கிவிடும். கூர்மையாக வேண்டிய மூளைக்கு ரத்தமே குறைவாகப் போகும். தலை கிறுகிறுப்பது அதனால்தான். உதடும் விரல் நுனியும் மரமரப்பதும் கரியமில வாயு குறைந்ததன் அடையாளமே. அப்படி ஆனால் உடனே நிறுத்திவிடுங்கள். இழுப்பது பலமாக, விடுவது நிதானமாக, நடுவில் சின்ன இடைவெளி.

அப்புறம் அந்த மூன்று பந்துக் கருவி. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்தது அலமாரியில் இருக்கும், அதையே எடுத்துக்கொள்வார்கள். அது நுரையீரலை நன்றாக விரிய வைப்பதற்கானது. தசைக்குப் பெரிய சுமை தராது. தசைப் பயிற்சிக் கருவியில் சுருள்வில் போட்ட வால்வு இருக்கும். போதிய பலத்தோடு இழுக்கும்வரை அது திறக்காது. பொதுவாகச் சொல்லும் அளவு, உங்கள் முழு பலத்தில் பாதிச் சுமையில் 30 இழுப்பு, தினம் இரண்டு வேளை. 30ஆவது இழுப்பும் சுலபமாக வந்தால் சுமையைக் கொஞ்சம் கூட்டுங்கள். மாதக்கணக்கில் ஒரே சுமையில் இழுத்துக்கொண்டிருந்தால் தசை வளராது.

கண்ணாடி முன் நின்று ஒருமுறை பாருங்கள். தோள் மேலே ஏறி, கழுத்து நரம்பு புடைத்தால் உதரவிதானம் (மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் முக்கிய மூச்சுத் தசை) சரியாக வேலை செய்யவில்லை. வயிற்றில் கை வைத்தால், இழுக்கும்போது கை முன்னால் வர வேண்டும்.

நுரையீரல் சுருங்கிப்போன அனுபவம் உள்ளவர்களும், காது சவ்வு கிழிந்தவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

மூளைக்கு என்ன பலன்? 2016இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வில், மூக்கு வழியே மூச்சை இழுக்கும் நேரத்தில் நினைவாற்றல் சற்று மேம்பட்டது. வாய் வழி மூச்சில் அது தெரியவில்லை. இதை மூச்சுக் கருவிக்கு ஆதாரமாகக் காட்டுவது சரியல்ல, கருவியில் இழுப்பது வாயால். கருவிக்கென்று இருப்பது 2021இல் வந்த கொலராடோ ஆய்வு: 50 முதல் 79 வயதுக்குட்பட்ட 36 பேர், 6 வாரம், நாளுக்கு 30 இழுப்பு, பயிற்சி எடுத்தவர்களுக்கு மேல் ரத்த அழுத்தம் சுமார் 9 புள்ளி இறங்கியது. ரத்தக் குழாய் நன்றாக இருந்தால் மூளைக்கும் நல்லதுதான். ஆனால் அந்த நன்மை சேர வாரங்கள் பிடிக்கும். பரீட்சைக்கு முந்தின நாள் கருவி வாங்குகிறவருக்கு அது கிடைக்காது.