சாட்டிரின் குழலும் என் பழைய சொதப்பல்களும்

போன வாரம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதை விளையாட்டில், ஒரு புது டிஎம்மின் (கதையை நடத்துகிறவர்) மேஜையில் ஆட்டக்காரனாக உட்கார்ந்திருந்தேன். காட்டுக்குள் விருந்துச் சத்தம், ஒயின் வாசம், கிளையில் உட்கார்ந்து ஆட்டுக்கால்களை ஆட்டிக்கொண்டு ஒரு சாட்டிர், அதாவது பாதி மனிதன் பாதி ஆடான காட்டுவாசி. ஆசையாக நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடுத்த அரை மணி நேரத்தில், நான் டிஎம்மாக ஆட்டம் நடத்த ஆரம்பித்த காலத்தில் செய்த அத்தனை தப்பையும் அந்த டிஎம் தம்பி வரிசை மாறாமல் செய்து முடித்தார்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகளை வைத்துத்தான் பேசுகிறேன். கூட்டல் தப்பு, பகடை மாற்றி உருட்டுவது போன்றதெல்லாம் நாலு ஆட்டத்தில் தானாகச் சரியாகிவிடும். அதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

முன்வரிசையில் நிறுத்துவது

சாட்டிருக்கு உயிர்ப்புள்ளி (தாங்கும் அடியின் அளவு) 31, கவசம் (அவனை அடிக்க எட்ட வேண்டிய எண்) 14. கைக்கெட்டும் தூரத்தில் நிறுத்தினால் இரண்டு சுற்றில் கதை முடிந்தது. அவன் பலமே தூரம்தான். அவன் மந்திரக் குழல் தூங்க வைக்கும், வசியப்படுத்தும், பயமுறுத்தும். அந்த ஓசை 60 அடிவரை வேலை செய்யும், ஒரு முறைக்கு 40 அடி ஓடுவான், மனிதன் ஓடுவது 30. ஓடைக்கு அந்தப் பக்கம் வையுங்கள்.

குழலுக்கு ஆள் தெரியும் என்று நினைப்பது

தெரியாது. வசியப்படுத்த முடியாதவர்களையும் மற்ற சாட்டிர்களையும் தவிர, காதில் விழுந்த எல்லோரும் தப்பிக்கப் பகடை உருட்டியாக வேண்டும். நான் ஒரு முறை தாலாட்டை ஊத வைத்தேன். சாட்டிருக்குக் காவலாக நான் வைத்திருந்த ஆறு கோப்ளின்களில் (குட்டிப் பூதங்கள்) நாலு சுருண்டு விழுந்தன. எதிரில் நின்ற ஆட்டக்காரியின் பாத்திரம் ஓர் எல்ஃப், அந்த இனத்துக்கோ மந்திரத் தூக்கமே வராது. அவள் பாட்டுக்கு நடந்து வந்து, தூங்கியவர்களின் இடுப்பிலிருந்த சாவியை எடுத்துக்கொண்டாள்.

‘வசியம்’ என்ற சொல்லை நம்புவது

எனக்கு இன்னும் எரிச்சல் வருவது இதில்தான்.

விதியில் இருப்பது ‘சார்ம்ட்’. தமிழ் பேசும் மேஜையில் அதை ‘வசியம்’ என்கிறோம். சொன்ன உடனே மனசுக்குள் சொக்குப்பொடி, மை, மகுடிக்கு ஆடும் பாம்பு எல்லாம் வரிசையாக வந்து நிற்கின்றன. வசியம் என்றால் ஆள் பொம்மை, சொன்னதைச் செய்வான் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். விதி சொல்வது இரண்டே விஷயம். வசியமானவன் வசியப்படுத்தியவனைத் தாக்க முடியாது. வசியப்படுத்தியவன் அவனிடம் பேசி இணங்க வைக்கப் பார்த்தால், இரண்டு பகடை உருட்டி நல்லதை எடுத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான். அவன் கை, கால், வாள் எல்லாம் அவனுடையதுதான்.

இது தெரியாமல், எங்கள் குழுவின் போர்வீரனை சாட்டிரின் குழலுக்கு மயங்க வைத்து, பக்கத்தில் நின்ற கிளெரிக்கை (தெய்வ அருளால் மந்திரம் செய்யும் பூசாரி) வெட்டச் சொன்னேன். ஆட்டக்காரனிடம் கேட்கக்கூட இல்லை, பகடையை நானே எடுத்து உருட்டினேன். விழுந்தது 20, பகடையின் உச்சம். மூன்று மாதமாக வளர்த்த கிளெரிக் செத்துப்போனாள். போர்வீரனை ஆடியவன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் தன் பாத்திரத்தின் தாளை என் பக்கம் நகர்த்தி, “மச்சான், இதையும் நீயே ஆடிக்கோ,” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனான். அன்றைக்குத் திரும்பி வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. கிளெரிக்கை ஆடியவள் இன்றைக்கும் அவனைத்தான் திட்டுகிறாள். திட்டு வாங்க வேண்டியவன் நான்.

போன வாரம் அந்தத் தம்பியும் இதையே செய்தார். எதிரே இருந்த பெண்ணின் முகம் மாறியதைப் பார்த்தேன். வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை, பையிலிருந்து போனை எடுத்தாள்.

இப்போது நான் செய்வது வேறு. “இவனை உனக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு, அடிக்க மனசு வரல. என்ன பண்றே?” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன். ஒருத்தன் சாட்டிருக்குத் தன் காலணியைக் கழற்றிப் போட்டுப் பார்த்தான், குளம்பில் நுழையவில்லை. நானே யோசித்திருந்தால் இது வந்திருக்காது. இன்னொன்று, சாட்டிரோ அவன் கூட்டாளியோ அந்த ஆளை ஓர் அடி அடித்தால் அவன் மயக்கம் அப்போதே கலையும். அதனால் அடிதடி நடக்காமல் பார்த்துக்கொள்ளும் கவலை சாட்டிருடையது. கூட்டாளி கத்தியை உருவினால் முதலில் பதறுகிறவன் அவன்தான்.

பயந்தவனை ஓட விடுவது

குழலூதும் கிரேக்கக் காட்டுத் தெய்வம் பேன், ‘பேனிக்’ என்ற சொல்லே அவன் பெயரிலிருந்து வந்தது. அதனால் தலைதெறிக்க ஓட வேண்டும் என்று தோன்றும். விதிப்படி ஓட வேண்டியதில்லை. பயமுறுத்தியவனை நெருங்கிப் போக முடியாது, அவன் கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருக்கும்வரை அடி சரியாக விழாது. நின்ற இடத்திலிருந்து அம்பு விடலாம்.

எல்லோரையும் தூங்க வைப்பது

விஸ்டம் (மந்திரத்தைத் தாக்குப்பிடிக்கும் மனத்திறன்) கூடுதல் இல்லாதவன் இருபது முகப் பகடையில் 13 அல்லது அதற்கு மேல் எடுக்க வேண்டும், அதாவது நூற்றுக்கு 60 முறை தோற்பான். தன் முறையின் முடிவில் மறுபடி உருட்டலாம்தான். ஆறு பேர் மேஜையில் ஒரு சுற்று கால் மணி நேரம் இழுக்கும். மூன்று முறை தொடர்ந்து தோற்றால் முக்கால் மணி நேரம் அவனுக்கு வேலையில்லை. தாலாட்டை ஊதினால், தட்டி எழுப்ப ஒருத்தன் முழித்திருக்கிறானா என்று பாருங்கள். எழுந்தவனுக்கு 24 மணி நேரம் அந்தக் குழல் ஏறாது, அதையும் குறித்து வையுங்கள்.

நிஜமாகவே குழல் வாசித்துக் காட்டுவது

வேண்டாம்.

குறும்பென்று சொல்லித் திருடுவது

திருப்பித் தராவிட்டால் அது குறும்பில்லை. மந்திரவாதியின் மந்திரப் புத்தகத்தைப் பறித்தால், வைத்திருக்கும் மந்திரங்களை அவளால் மாற்றிக்கொள்ளவே முடியாது. ஆட்டமே முடங்கும். என் சாட்டிர் அதை விடியும்முன் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனான். ஒரு பக்கத்தில் ஒயின் கறை, ஓரத்தில் அவள் வாய் பிளந்து தூங்கும் படம். அடுத்த ஊருக்குப் போகும் வழியெல்லாம் அவள் அவனைத்தான் தேடினாள்.