உங்கள் வீட்டு விலைவாசியை நீங்களே கணக்கிடும் முறை

செய்தியில் வரும் பணவீக்க விழுக்காடு, அதாவது விலைவாசி ஏறிய வேகம், ஒரு சராசரிக் குடும்பத்தின் செலவை வைத்துச் சொல்லப்படுவது. அதைக் கணக்கிட உதவும் நுகர்வோர் விலைக் குறியீட்டில், 2012ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட வரிசையிலேயே, குடும்பச் செலவில் உணவு, பானங்களின் பங்கு நகர்ப்புறத்துக்கு 36.29 விழுக்காடு என்றும் ஊரகத்துக்கு 54.18 விழுக்காடு என்றும் வேறுபட்டிருந்தது. ராமேசுவரம் தீவில், தங்கச்சிமடத்தில் விசைப்படகில் மீன்பிடிக்கப் போகிறவர் வீட்டிலோ, பாம்பனில் கடல்பாசி எடுக்கும் பெண்ணின் வீட்டிலோ விலை எவ்வளவு ஏறியது என்பதை அந்தந்த வீட்டுச் செலவிலிருந்துதான் அறிய முடியும். அதற்கு ஒரு நோட்டு போதும்.

முதலில், மீன்பாடு நன்றாக இருக்கும் ஒரு மாதத்தையும், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் ஒரு மாதத்தையும் தேர்ந்துகொள்ளுங்கள். நல்ல மாதத்தை மட்டும் எழுதினால் கணக்கு பொய்யாகிவிடும். ஏனெனில் தடைக்காலத்தில் வருமானம் நின்றாலும் அடுப்பு நிற்பதில்லை.

அடுத்து, ரேஷன் பொருள்களைத் தனியாக எழுதுங்கள். அரிசி விலையின்றிக் கிடைப்பதால், கடையில் அரிசி விலை ஏறும்போது இந்த வீடுகளுக்கு அடி குறைவாகவே விழுகிறது. ஆனால் அரிசிக்குச் செலவில்லாத வீட்டில் எண்ணெய், காய்கறி, மளிகை ஆகியவற்றின் பங்கு தானாகவே பெருகிவிடுவதால், அவை ஏறும்போது அடி பலமாக விழுகிறது. குடம் கணக்கில் விலைக்கு வாங்கும் தண்ணீரை எழுத மறந்துவிடாதீர்கள். பலர் அதைச் செலவாகவே நினைப்பதில்லை.

மொத்தமாக வாங்கினால் ஆகும் விலையை எழுதாமல், உண்மையில் கொடுத்த விலையையே எழுதுங்கள். அன்றன்றைய கூலியில் சிறு பாக்கெட்டாக எண்ணெய் வாங்குகிறவர், லிட்டர் கணக்கில் பார்த்தால் பெரும்பாலும் கூடுதலாகவே கொடுத்திருப்பார். விலை ஏறினால் மலிவான ரகத்துக்கு மாறலாம் என்பார்கள். ஏற்கெனவே மலிவானதையே வாங்குகிறவருக்கு மாறுவதற்கு ஏது இடம்?

ஓராண்டு கழித்து அதே பொருள்களை, அதே அளவில், புதிய விலையில் கணக்கிட்டு, கூடிய தொகையைப் பழைய மொத்தச் செலவால் வகுத்து நூறால் பெருக்குங்கள். எடுத்துக்காட்டாக, மாதம் 9,000 ரூபாய் செலவிடும் வீட்டுக்கு நான்கு லிட்டர் எண்ணெய் தேவை என்றும், ஒரு லிட்டர் ரேஷனில் கிடைக்கிறது என்றும் கொள்வோம். கடை விலை லிட்டருக்கு 30 ரூபாய் ஏறினால், மூன்று லிட்டருக்கு 90 ரூபாய் கூடுகிறது. அதாவது எண்ணெய் ஒன்றினாலேயே 1 விழுக்காடு. நான்கு லிட்டரையும் கடையில் வாங்கி, மாதம் 45,000 ரூபாய் செலவிடும் வீட்டுக்கு 120 ரூபாய் கூடினாலும், அது 0.27 விழுக்காடுதான்.

படகின் டீசல், ஐஸ் செலவுகளை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். மீன் விற்ற பணத்தில் அவற்றைக் கழித்த பிறகே படகில் போனவர்களுக்குப் பங்கு பிரிப்பதால், அவை ஏறினால் உங்கள் வருமானம் குறைகிறதே தவிர, வீட்டுச் செலவு கூடுவதில்லை. வட்டியை மட்டும் தனிப் பத்தியில் எழுதுங்கள்: தடைக்காலத்தில் வாங்கிய கடனுக்கு ஆவணியிலும் புரட்டாசியிலும் கட்டும் வட்டி நுகர்வோர் விலைக் குறியீட்டில் வராது என்றாலும், அரிசிப்பானைக்குப் போக வேண்டிய பணத்திலிருந்துதான் அது போகிறது.